டார்கெட் ரைஃபிள் சைட் உதிரிகளுக்கு மரை பொருத்துதல்: வாங்குவதா, புஷ் போடுவதா, மறுபடி அடிப்பதா?

புது ஐரிஸை (கண் பார்க்கும் துளையைச் சிறிதும் பெரிதும் ஆக்கும் உதிரி) ரைஃபிளின் பின்சைட்டில், அதாவது கண்ணுக்கு அருகிலுள்ள குறிபார்க்கும் கருவியில், வைத்துத் திருகுகிறீர்கள். இரண்டு சுற்று இலகுவாகப் போகிறது, மூன்றாவதில் பிடித்துக்கொள்கிறது. இந்த இடத்தில் உங்கள் முன் நான்கு வழிகள் உண்டு. சரியான மரையுள்ள உதிரியைத் தேடி வாங்கலாம். இடையில் ஒரு அடாப்டர் புஷ் (இரண்டு பக்கமும் வெவ்வேறு மரையுள்ள இடைத்துண்டு) போடலாம். சைட்டில் இருக்கும் மரையை வேறு அளவுக்கு டேப் (உள்மரை வெட்டும் கருவி) போட்டு மாற்றலாம். உதிரியின் தண்டை லேத்தில் புதிதாகக் கடையலாம். சாவி போட்டு இறுக்கித் திருகுவதை இதில் சேர்க்க முடியாது. பித்தளைத் தண்டாக இருந்தால் அதன் மரை போகும், அலுமினிய உடலாக இருந்தால் சைட்டே போகும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் எங்கள் நிலைப்பாடு ஒன்றுதான்: வெட்டுவதாக இருந்தால் மலிவான பக்கத்தை வெட்டுங்கள், சைட்டின் உடலைத் தொடாதீர்கள். உடலில் ஒருமுறை டேப் இறங்கிவிட்டால் அதற்குப் பிறகு வாங்கும் ஒவ்வொரு உதிரிக்கும் அந்த மாற்றம் தடையாக நிற்கும்.

விட்டத்தை நம்பி ஏமாறும் இடம்

ஐரோப்பிய டார்கெட் சைட்டுகளில் கண்பக்க உதிரிகளுக்கான மரை எம் 9.5 × 1: விட்டம் 9.5 மி.மீ., பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், 1 மி.மீ. ஆன்ஷுட்ஸ், வால்தர், ஃபைன்வெர்க்பாவ் பின்சைட்டுகளும் கேமன், சென்ட்ரா ஐரிஸ்களும் இதில்தான் ஒன்றுசேர்கின்றன. பொது மெட்ரிக் வரிசையில் 9.5 என்ற விட்டமே கிடையாது. அதனால் சாதாரண டேப் பெட்டியில் இது இருக்காது. இருப்பது எம் 9, எம் 10. பெட்டியில் இருப்பதை எடுத்துப் போட்டுப் பார்ப்பதில்தான் பாதி சேதம் நடக்கிறது.

இன்னொரு பொறி இதைவிட நுட்பமானது. எட்டில் மூன்று அங்குலம் என்பது 9.525 மி.மீ. அந்த விட்டத்தில் அங்குலத்துக்கு 24 மரை உள்ள 3/8-24 தண்டைக் காலிப்பரில் அளந்தால் 9.31 முதல் 9.50 வரை எதுவும் காட்டலாம். எம் 9.5 × 1 தண்டு 9.29 முதல் 9.47 வரை காட்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. உள்மரையின் துளையை அளந்தாலும் இதே கதை: முன்னதற்கு சுமார் 8.38 – 8.64, பின்னதற்கு 8.42 – 8.65. விட்டத்தை வைத்து இவை இரண்டையும் பிரிக்கவே முடியாது. பிரித்துக் காட்டுவது பிட்ச் மட்டும்தான்: எம் 9.5-க்கு 1.000 மி.மீ., 3/8-24-க்கு 1.058 மி.மீ. நான்கு மரையில் 0.23 மி.மீ. வித்தியாசம் சேர்ந்துவிடும். இரண்டு சுற்று போய் மூன்றாவதில் பிடிப்பதன் காரணம் இதுதான்.

26 மரை உள்ள 3/8 இன்னும் ஏமாற்றும். அதன் பிட்ச் 0.977. நான்கு மரையில் 0.09 மி.மீ.தான் விலகும், அந்த அளவு மரைகளுக்கிடையே உள்ள தளர்வில் மறைந்துவிடும். கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் முழுதாகப் போய்விடும், நாமும் சரியென்று நினைத்துவிடுவோம். ஆனால் பாரத்தை ஓரிரு மரை மட்டுமே தாங்கிக்கொண்டிருக்கும். நாலைந்து முறை கழற்றி மாட்டினால் அந்த மரையின் முனைகள் உருண்டுபோகும்.

ஐரிஸ் தண்டில் நான்கிலிருந்து ஆறு மரைதான் இருக்கும் என்பதால் பத்து மரையை அளந்து பத்தால் வகுக்கும் வழக்கமான முறை இங்கே உதவாது. பிட்ச் கேஜின் (மரை அளவுக்குப் பல் வெட்டிய தகடுகளின் தொகுப்பு) 1.0 தகட்டையும் 24 தகட்டையும் மாறி மாறி வைத்து, பின்னால் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். சரியான தகட்டில் எல்லாப் பற்களுக்கும் கீழே ஒரே அளவு இருட்டு தெரியும். தவறானதில் ஒரு முனையில் ஒளிக்கீற்று கசியும். உள்மரைக்குத் தகடு நுழையாது. மென்மையான மரக்குச்சியைப் பக்கவாட்டில் அழுத்தி எடுத்தால் மரையின் பதிவு குச்சியில் விழும். அதைத் தகட்டோடு ஒப்பிடலாம். இதைவிட நம்பகமானது, அளவு உறுதியாகத் தெரிந்த ஒரு பழைய ஐரிஸையோ திருகையோ விரலால் மட்டும் திருகிப் பார்ப்பது. கடைசி மரைவரை ஒரே இலகுவோடு போக வேண்டும்.

இறுக்கமாக இருப்பதாலேயே மரை வேறு என்று முடிவு கட்டவும் கூடாது. அனோடைஸ் பூச்சு ஒவ்வொரு பரப்பிலும் 0.01 மி.மீ. ஏறினால், 60 பாகை மரையின் பிட்ச் விட்டம் அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது 0.04 மி.மீ. கூடும். சாதாரணப் பொருத்தத்தில் எம் 9.5 × 1 வெளிமரைக்கு விட்டிருக்கும் இடைவெளி 0.026 மி.மீ.தான். ஆகவே புதிதாகப் பூச்சிட்ட சரியான உதிரியும் கரகரவென்று போகலாம். வேறுபாட்டை உணர ஒரு வழி உண்டு. பூச்சினால் வரும் இறுக்கம் முதல் சுற்றிலிருந்தே இருக்கும், போகப்போக அதிகரிக்காது. பிட்ச் பொருந்தாததால் வரும் இறுக்கம் ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் ஏறும்.

புஷ்: எந்தத் திசையில் போடுகிறோம் என்பதே விஷயம்

லைமன், வில்லியம்ஸ் போன்ற அமெரிக்க ரிசீவர் சைட்டுகளின் (ரைஃபிளின் உடலில் பூட்டும் பின்சைட்டுகள்) அபெர்ச்சர் (கண் பார்க்கும் துளையுள்ள தட்டு) மரை 7/32-40. அதாவது 5.56 மி.மீ. விட்டம், 0.635 பிட்ச். இதற்கும் எம் 9.5 × 1-க்கும் இடையே புஷ் போடுவதில் இரண்டு திசைகள் உண்டு. இரண்டும் ஒரே வேலைபோலத் தோன்றும். கடையும்போதுதான் வித்தியாசம் புரியும்.

ஐரோப்பிய சைட்டில் 7/32-40 தட்டு ஒன்றைப் பொருத்த வேண்டும் என்றால் வேலை எளிது. வெளியே எம் 9.5 × 1, உள்ளே 7/32-40 உள்ள ஒரு வளையம் போதும். வெளிமரையின் அடிப்பகுதி விட்டம் 8.27, உள்ளே 5.6. பக்கத்துக்கு 1.3 மி.மீ. சுவர் நிற்கும். பித்தளையே தாங்கும். புஷ் சைட்டின் முகத்தோடு சமமாக உட்காரும், நீளம் அதிகரிக்காது. உள்மரைக்கு 4.9 மி.மீ. துளை போட்டு டேப் இறக்கலாம். 7/32-40 டேப் தனியாகச் சொல்லி வாங்க வேண்டிய சரக்கு.

அமெரிக்க சைட்டில் எம் 9.5 ஐரிஸை மாட்டுவது வேறு கணக்கு. 5.56 மி.மீ. தண்டுக்குள்ளேயே ஒளி போகத் துளையும் வேண்டும். தண்டின் அடிப்பகுதி விட்டம் 4.78, 3.5 மி.மீ. துளை போட்டால் பக்கத்துக்கு 0.64 மி.மீ. மட்டுமே மிஞ்சும். பித்தளையில் இதைச் செய்யாதீர்கள். ஐரிஸின் எடை அந்தச் சிறு தண்டில் தொங்குகிறது. பெட்டியில் வைக்கும்போது ஓரத்தில் ஒரு தட்டு பட்டாலும் தண்டு தோளோடு ஒடியும்; ஒடிந்த துண்டு சைட்டுக்குள் சிக்கும். எஃகில் கடையுங்கள். துளையை 4 மி.மீ. ஆக்கினால் இன்னும் வெளிச்சம் வருமே என்ற ஆசையையும் விட்டுவிடுங்கள். 0.5 முதல் 3 மி.மீ. வரை திறக்கும் ஐரிஸையும் வழக்கமாக 1 – 1.2 மி.மீ. சுற்றில்தான் வைத்துச் சுடுகிறோம். ஆறு மி.மீ. நீளத் தண்டில் 3.5 துளை இருந்தால் 800 மி.மீ. தொலைவிலுள்ள முன்சைட் குழல் முழுதாகவே தெரியும், ஓரம் வெட்டுப்படாது.

இந்தத் திசையில் ஐரிஸ் கண்ணை நோக்கி ஏழெட்டு மி.மீ. நகர்ந்தும் வரும். கன்னம் வைக்கும் இடம் ஏற்கெனவே பழகிப்போயிருந்தால் சைட்டை ரைஃபிளின் மேலுள்ள சைட் ரயிலில் அதே அளவு முன்னுக்குத் தள்ளி வையுங்கள். தள்ள இடமில்லாத ரைஃபிளில் இந்தப் புஷ் சரியான தேர்வு அல்ல.

மையம் தப்பினால் என்ன ஆகும்

புஷ்ஷின் உள்மரையும் வெளிமரையும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடையே 800 மி.மீ. இருந்தால், அபெர்ச்சர் 0.1 மி.மீ. நகரும்போது 50 மீட்டரில் அடிபடும் புள்ளி 6.25 மி.மீ. நகரும். 50 மீட்டர் ரைஃபிள் டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் ஆர இடைவெளி 8 மி.மீ. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் அதே 0.1 மி.மீ. விலகல் 1.25 மி.மீ. ஆகிறது, அங்கே வளைய இடைவெளி 2.5. அரை வளையம் போய்விட்டது.

விலகல் நிலையாக இருந்தால் கவலை இல்லை, சைட்டைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். சிக்கல், ஐரிஸைக் கழற்றி மறுபடி இறுக்கும்போது வருகிறது. அது முன்பு நின்ற கோணத்தில் நிற்காவிட்டால் மையம் சுற்றி வரும். மிக மோசமான நிலையில் விலகலின் இரு மடங்கு நகரும். துடைப்பதற்காகக் கழற்றி மாட்டிய மறுநாள் சுடும் முதல் தொகுதிக் குண்டுகள் ஓரமாக விழுவதற்கு இது ஒரு காரணம். சோதிப்பது எளிது. ஐரிஸ் தோளில் ஒரு கோடும் சைட் முகத்தில் ஒரு கோடும் இட்டு, கழற்றி மாட்டும்போதெல்லாம் இரண்டும் ஒரே இடத்தில் சேர்கின்றனவா என்று பாருங்கள்.

லேத்தில் கடைபவரிடம் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: வெளிமரை, துளை, உள்மரை, தோளின் முகம் எல்லாம் சக்கிலிருந்து (லேத்தின் பிடிப்பான்) கழற்றாமல் ஒரே பிடியில் முடிய வேண்டும். கடைசியில்தான் வெட்டிப் பிரிக்க வேண்டும். திருப்பிப் பிடித்து மறுபக்கத்தைக் கடைந்த புஷ், மூன்று தாடைச் சக்கில் 0.1 மி.மீ. விலகுவது சர்வசாதாரணம்.

டேப் போட்டு மாற்றுவது

தேய்ந்த எம் 9.5 × 1 உள்மரையை எம் 10 × 1 ஆக்கிவிடலாம் என்ற யோசனை கவர்ச்சியானது. பிட்ச் ஒன்றே, டேப் பழைய தடத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கும், மரை சுத்தமாகவும் வரும். ஆனால் எம் 10 மரையில் டார்கெட் ஐரிஸ் எதுவும் நேராக வந்து உட்காராது. பிறகு என்றென்றைக்கும் புஷ்தான், அதுவும் 10-க்கும் 9.5-க்கும் நடுவே சுவரே இல்லாத புஷ். செய்யவே வேண்டாம்.

மரை ஏற்கெனவே கெட்டுப்போன உடல் மட்டும் விதிவிலக்கு. அதில் போதுமான கனம் இருந்தால், துளையை 12 மி.மீ. ஆக மரையின்றிப் பெரிதாக்கி, உள்ளே எம் 9.5 × 1 அடித்த 12 மி.மீ. புஷ்ஷை 0.05 மி.மீ. தளர்வில் ரிடெய்னிங் பசையால் (உலோகத் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று பிடித்து நிறுத்தும் பசை) ஒட்டுவது நல்லது. சுவர் 1.2 மி.மீ. நிற்கும்; சைட் மறுபடி பொது அளவுக்கே வந்துவிடும். பசை கெட்டியாகும்வரை, நேரான நல்ல ஐரிஸ் ஒன்றைப் புஷ்ஷில் திருகி, அதன் தோள் சைட் முகத்தில் ஒட்டி நிற்கும்படி வைத்திருங்கள். பசை அந்த ஐரிஸின் மரையைத் தொடாதபடி மெழுகு தடவிக்கொள்ளுங்கள்.

3/8-24 டேப்பை எம் 9.5 × 1 துளையில் ஓட்டியிருந்தால், அந்த மரையைக் காப்பாற்ற வழி இல்லை. இரண்டு பிட்ச்களும் ஒன்றையொன்று வெட்டி முகடுகளைத் தின்றிருக்கும். நேராக 12 மி.மீ. புஷ்ஷுக்குப் போங்கள்.

தண்டைக் கடைவது

ஐரிஸின் தண்டு தனியாகக் கழலும் வகையானால் புதுத் தண்டு கடைவதுதான் எங்கள் முதல் தேர்வு. எம் 9.5 × 1 வெளிமரைக்கு ஒற்றைமுனைக் கருவியால் ஆரத்தில் 0.61 மி.மீ. ஆழம் வெட்ட வேண்டும். தோளின் அடியில் ஒன்றரை மி.மீ. அகலத்துக்கு 8.2 விட்டத்தில் ஒரு பள்ளம் விடுங்கள். அது இல்லாவிட்டால் கடைசி அரை மரை தோளைத் தடுக்கும். ஐரிஸ் முகத்தில் உட்காராமல் மரையிலேயே தொங்கும், சுடும்போது மெல்லத் தளரும். அங்குல லீட்ஸ்குரூ (வெட்டும் கருவியை நகர்த்தும் நீள்திருகு) உள்ள லேத்தில் மெட்ரிக் மரைக்கு வேண்டிய 127 பல் கியர் இல்லையே என்று கைவிட வேண்டியதில்லை. 80-க்கு 63 என்ற கியர் விகிதம் தேவையான 1.27-லிருந்து வெறும் 0.0125 சதவீதம் விலகுகிறது. ஐந்து மரைக்கு அது ஒன்றுமே இல்லை.

தண்டின் நீளத்தையும் பாருங்கள். பழைய தண்டைவிட இரண்டு மி.மீ. நீண்டால் சில சைட்டுகளில் அது உள்ளே நகரும் பலகையில் போய் இடிக்கும். பக்கவாட்டுத் திருகு கடைசி சில கிளிக்குகளில் கனமாகிவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பூட்டும் திருகுகள்

திருகு தொலைந்துபோவதுதான் அடிக்கடி நடப்பது. தவறான திருகு போய்ச் சேருவதும் இங்கேதான் அதிகம். அமெரிக்க ரைஃபிள்களில் ஸ்கோப் பிளாக்கையும் (தொலைநோக்கி மாட்டும் அடிக்கட்டை) ரிசீவர் சைட்டையும் பூட்டுவது பெரும்பாலும் 6-48, அதாவது 6-ஆம் எண் திருகு, அங்குலத்துக்கு 48 மரை. அதன் விட்டம் 3.505 மி.மீ.; எம் 3.5 திருகோடு காலிப்பரில் ஒன்றேதான். பிட்ச் மட்டும் 0.529-க்கு 0.6. மூன்று மரையில் 0.21 மி.மீ. விலகி இறுகிவிடும். ஏற்கெனவே இறுகிவிட்டது என்று நாம் விட்டுவிட, பிளாக் கீழே அமராமல் நிற்கும். 8-36 துளையில் எம் 4 திருகு இதற்கு நேர்மாறு. பிட்ச் ஏறக்குறைய ஒன்று, விட்டம் 0.17 குறைவு. வழுவழுவென்று போகும், ஆனால் பாதி ஆழம்தான் கவ்வும்.

10-32 திருகும் எம் 5-உம் இதே இனம். பிட்ச் 0.794-க்கு 0.8, விட்டம் 4.83-க்கு 5. இவற்றின் ஆலன் சாவிகூடக் காட்டிக்கொடுக்காது: 5/32 அங்குலம் என்பது 3.97 மி.மீ., ஆகவே 4 மி.மீ. சாவி இரண்டிலும் உட்காரும். எம் 5 துளையில் 10-32 போட்டால் கைக்கு நன்றாகவே இருக்கும், கிளாம்ப் இறுக்கும்போது அலுமினிய மரை உருவிக்கொண்டு வரும்.

பழைய பிரிட்டிஷ் சைட்டுகளில் பிஏ (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரை வந்தால் பிட்ச் ஒத்தாலும் போதாது, கோணத்தையும் பார்க்க வேண்டும். 0 பிஏ திருகு 6 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச், எண்களில் அப்படியே எம் 6. ஆனால் பிஏ மரையின் கோணம் 47.5 பாகை, மெட்ரிக்கில் 60. ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டால் மரையின் சரிவு முழுதாகப் படியாமல் ஓரக்கோட்டில் மட்டும் தொடும். 2 பிஏ 4.7 × 0.81, 4 பிஏ 3.6 × 0.66, 6 பிஏ 2.8 × 0.53. இவற்றுக்கு அதே வகைத் திருகைத் தேடி வாங்குவதைத் தவிர மாற்று வேண்டாம். பிஏ திருகுகள் இன்றும் கிடைக்கின்றன.

6-48 துளை உருவிப்போனால் எம் 4 ஆக்குவதா 8-40 ஆக்குவதா என்ற கேள்விக்கு எங்கள் பதில் 8-40. எம் 4-க்குத் துளை 3.3 மி.மீ.; பழைய மரையின் 3.505 விட்டம் அதற்கு வெளியே மிஞ்சி நிற்கும், புது மரையின் முகடுகள் அங்கங்கே கடிபட்டு வரும். 8-40-க்குத் துளை 3.57. பழைய மரை சுத்தமாக மறைந்து, புது மரை முழு உலோகத்தில் விழும். பிளாக்கில் திருகுத் தலைக்கான குழியையும் கொஞ்சம் விரிக்க வேண்டிவரும்.

கிளிக் திருகு வேறு வகை

மேல்–கீழ், இட–வலத் திருகுகள் பூட்டுவதற்கானவை அல்ல, அளப்பவை. அவற்றின் பிட்ச்தான் ஒரு கிளிக்கின் மதிப்பு. 0.5 மி.மீ. பிட்ச், சுற்றுக்கு 25 கிளிக் என்று ஒரு சைட்டை வைத்துக்கொண்டால், ஒரு கிளிக் 0.02 மி.மீ.; 800 மி.மீ. இடைவெளியில் அது 50 மீட்டரில் 1.25 மி.மீ. அங்கே 48 மரையுள்ள திருகைக் கடைந்து போட்டால் ஏறத்தாழ ஆறு சதவீதம் கூடும். நான்கு கிளிக்கில் தெரியாது. காற்றுக்காக இருபது கிளிக் திருப்பித் திரும்பக் கொண்டுவரும் இடத்தில், மனப்பாடமாக வைத்திருக்கும் எண்கள் ஒன்றரை மி.மீ. பிசகும். சரிவு முழுதாகப் படியாவிட்டால் திசை மாற்றும்போது திருகு வெறுமனே சுற்றும் தொலைவும் சேரும். சில சைட்டுகளில் இந்தத் திருகு இடதுமரை. வலதுமரையைப் போட்டால் குமிழில் பொறித்திருக்கும் அம்புக்குறி பொய்யாகிவிடும். இந்த ஒரு உதிரிக்கு, அதே மாடலின் அசல் திருகைத் தவிர எதையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

முன்சைட் குழல்

முன்சைட்டில் தேர்வு பெரும்பாலும் எம் 18-க்கும் எம் 22-க்கும் இடையில்தான். 18 இன்செர்ட் (குறி பார்க்கக் குழலுக்குள் வைக்கும் வட்டத்தகடு) 22 குழலில் மையம் பிடிக்காது. குறுக்கும் வளையம் போட்டால் பிடிக்கும். ஆனால் அந்த வளையத்தின் 0.1 மி.மீ. தளர்வும் 50 மீட்டரில் சுமார் 6 மி.மீ. விலகலாகும். கையில் 18 இன்செர்ட்டுகள் நிறைய இருந்தால் 18 குழலையே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்குபவர் 22-க்கே போகலாம். இன்செர்ட்டைச் சுற்றித் தெரியும் வெளி அதிகம், மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்கு இதம். சர்வதேசத் துப்பாக்கி சுடும் சம்மேளனத்தின் (ஐஎஸ்எஸ்எஃப்) விதி குழலுக்கு 25 மி.மீ. வெளிவிட்டமும் 50 மி.மீ. நீளமுமே அனுமதிக்கிறது என்பதால் 22 குழலின் வெளியே உறை போடும் யோசனைக்கு இடமில்லை.

ஒரு தயாரிப்பின் பூட்டு வளையத்தை இன்னொன்றின் குழலில் போடுமுன், 18 அல்லது 22 என்ற பெயரோடு நிறுத்தாமல் பிட்ச் கேஜை வையுங்கள். அதோடு இன்செர்ட்டின் கனத்தையும் பாருங்கள். தடிமனான அக்ரிலிக் இன்செர்ட்டுக்கு அளவாகச் செய்த வளையம், மெல்லிய உலோக இன்செர்ட்டை எட்டுமுன்பே மரை தீர்ந்து நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இறுகியதுபோலவே இருக்கும். குழலை விரல் நகத்தால் தட்டிக் கேளுங்கள். மெல்லிய கிலுகிலுப்பு வந்தால் இன்செர்ட் ஆடுகிறது. பின்னால் ஒரு மெல்லிய இடைவளையம் போட வேண்டும்.

மரைப்பூட்டுப் பசையை ஐரிஸ் பக்கம் கொண்டுவராதீர்கள். ஒரு துளி ஊர்ந்து இதழ்களுக்குள் போனால் ஐரிஸ் அந்த அளவிலேயே ஒட்டிக்கொள்ளும். பூட்டும் திருகுகளுக்குக் குறைந்த வலு உள்ள வகை, மரையின் நடுவில் ஒரு சிறு புள்ளி, அவ்வளவே.